‘சாங்க்’ என்ற ஆங்கிலச் சொல்: நம் சங்கு எந்த வழியாக அங்கே போனது?

2023 ஜூன் 4 (வாசகர் கேள்வி)

மன்னார் வளைகுடா பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் ‘சேக்ரட் சாங்க்’ (புனிதச் சங்கு) என்று அடிக்கடி வருகிறது. பள்ளியில் சங்குக்கு ‘காங்க்’ என்றுதானே படித்தோம்? இந்த ‘சாங்க்’ நம்ம சங்கேதான் என்று தோன்றுகிறது. அப்படியானால் கட்டுமரம், மிளகுதண்ணி, சுருட்டு என்று ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களின் வரிசையில் இதையும் சேர்த்துவிடலாமா? நண்பர் ஒருவர் “அது சமஸ்கிருதம், கையை வைக்காதே” என்கிறார்.

2023 ஜூன் 4, இரவு

நண்பர் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. இரண்டு பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். முதலில் பொருளைப் பார்ப்போம்.

‘காங்க்’ ஆங்கிலத்தில் ரொம்பப் பரந்த சொல். பெரிதாக, முறுக்கிய ஓட்டோடு இருக்கும் கடல் நத்தை எதையும் அப்படிச் சொல்லிவிடுவார்கள். கரீபியன் கடலில் பிடித்துச் சாப்பிடுகிறார்களே, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் ‘குயின் காங்க்’, அதற்கும் நம் கோயில் சங்குக்கும் குடும்ப உறவுகூடக் கிடையாது. அது கடற்பாசி மேயும் உயிர். நம்முடையது மணலுக்குள் இருக்கும் புழுக்களைத் தின்னும் உயிர். ‘சாங்க்’ என்றால் ஒரே ஒரு இனம்தான்: லின்னேயஸ் 1767இல் பெயரிட்ட, இன்று டர்பினெல்லா பைரம் எனப்படும் சங்கு. கடலிலிருந்து எடுக்கும்போது பழுப்பு நிறத் தோல் போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் நாம் பார்க்கும் வெள்ளை.

யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வந்த, இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் புழங்கிய சொற்களுக்கான ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இதற்குத் தனிப் பதிவே உண்டு. ‘சாங்க்’, ‘சங்க்’ என்று இரண்டு எழுத்துக்கூட்டலும் கொடுத்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் அதிகம் கிடைப்பது, முத்துக்குளிப்பு மாதிரியே சங்கு குளிப்பும் அரசின் ஏகபோகமாக இருந்தது எல்லாம் அங்கே இருக்கிறது. மூலச்சொல் என்று வரும்போது மட்டும் இந்தியையும் சமஸ்கிருதத்தையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளை நன்றாக அறிந்தவர். அவர் கை பட்ட அகராதியிலேயே தமிழைச் சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

2023 ஜூன் 5

சொல் போன வழியைக் கொஞ்சம் தோண்டுகிறேன். என் ஆர்வம் முழுக்க இங்கேதான்.

ஆங்கிலேயர்களுக்கு முன்னால் இந்தக் கடற்கரைக்கு வந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். கார்சியா த ஓர்த்தா என்ற வைத்தியர் 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில் ‘சாங்க்கோ’ என்று எழுதுகிறார். வங்காள வியாபாரத்துக்குப் போகும் சரக்கு, முன்பு இருந்த லாபம் இப்போது இல்லை என்கிறார். சரக்கின் பெயராகத்தான் இந்தச் சொல் ஐரோப்பியர் எழுத்துக்குள் நுழைகிறது.

அவர் அந்தச் சொல்லை எப்படி எழுத்துக்கூட்டினார் என்று பாருங்கள். அந்தக் காலப் போர்த்துக்கீசிய மொழியில் ‘ஷ’ ஒலிக்கு எக்ஸ் எழுத்து. ‘ஷா’ என்ற பட்டத்தைக்கூட எக்ஸ் போட்டுத்தான் எழுதினார்கள். ‘பச்சை’, ‘அச்சு’ இவற்றில் வரும் அழுத்தமான ச ஒலிக்கு சி-யும் எச்-சும். வடமொழி உச்சரிப்பில் ‘ஶங்க்க’ என்று அவர்கள் காதில் விழுந்திருந்தால் எக்ஸில் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் எழுதியது சி-எச். சோழமண்டலத்தைச் ‘சோரமண்டல்’ என்று அதே சி-எச் போட்டு எழுதினார்கள். செட்டியார்களைக் குறித்த ‘சட்டீம்’ என்ற சொல்லும் அப்படியே. ஆக, தமிழ் வாயிலிருந்து வந்த சகரத்துக்கு அவர்கள் வழக்கமாகப் போடும் எழுத்து அது.

கடைசி எழுத்தையும் விடக்கூடாது. சொல் முடிவில் வரும் ‘ஓ’வைப் போர்த்துக்கீசியர் ‘உ’ மாதிரிதான் சொல்வார்கள். ‘சாங்க்கோ’ என்று கண்ணுக்குத் தெரிவது காதுக்குச் ‘சாங்க்கு’. குற்றியலுகரத்தோடு முடியும் சங்குக்கு இதைவிட நெருக்கமாக அவர்களால் எழுத முடியாது. வடக்கே போய்க் கேட்டிருந்தால் ‘ஷங்க்’, ‘ஷாங்க்கா’ என்றுதான் கிடைத்திருக்கும்.

அப்புறம் 1672இல் டச்சுப் பாதிரியார் பால்டேயஸ், கிருஷ்ணன் கதையைச் சொல்லும்போது ‘சியாங்க்கோ’ என்கிறார். கதை வடமொழிப் புராணம், சொல்லின் வடிவம் மட்டும் தென்கடற்கரை வடிவம். யாழ்ப்பாணத்தில் ஊழியம் பார்த்தவர், வேறு எப்படி எழுதுவார்?

2023 ஜூன் 5, சற்றுப் பின்

இதற்குள் ஒருவர் “அப்படியானால் தமிழ்ச் சொல் என்று உறுதி” என்று கொடி ஏற்றிவிட்டார். பொறுங்கள்.

தொல்காப்பியத்தில் மொழிமுதல் எழுத்துகளைச் சொல்லும் இடத்தைப் புரட்டுங்கள். சகரம் எந்தெந்த உயிரோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வரும் என்று சொல்லும்போது அ, ஐ, ஔ மூன்றையும் விலக்கிவிடுகிறார். ‘ச’ என்று குறிலாகத் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது விதி. சங்கு அந்த விதியில் அடிபடுகிறது. பிற்காலத்தில் நன்னூல் இந்தத் தடையை எடுத்துவிட்டது. அதற்குள் அப்படிப்பட்ட சொற்கள் நிறைய வந்து குடியேறிவிட்டன என்பதுதான் காரணம்.

சங்குக்குத் தமிழில் பேரா இல்லை? வளை, கோடு, நந்து, பணிலம், சுரிமுகம். இதில் ‘வளை’ இன்றும் நம் கையில் வளையலாக இருக்கிறது, சங்கை அறுத்துச் செய்ததால். சங்கப் பாட்டிலேயே சங்கு அறுப்பவர் வருகிறார்: அகநானூறு 24ஆம் பாட்டில், வேள்வி செய்யாத பார்ப்பனர் அரத்தால் வளை அறுப்பதைப் பற்றி. அங்கேயும் சொல் வளைதான்.

அதனால் என் கட்சி இது: வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்து, தமிழ் வாயில் ‘சங்கு’ என்று உருமாறி, அந்த உருவத்தில் போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அகராதிக்காரர்கள் நடுவில் இருந்த நீண்ட நிறுத்தத்தை மறைத்துவிடுகிறார்கள்.

2023 ஜூன் 7

“சங்கு மன்னார் வளைகுடாவில் மட்டும்தான் கிடைக்கிறது. பொருள் இங்கே இருக்கும்போது பெயர் மட்டும் வடக்கிலிருந்து எப்படி வரும்? தமிழிலிருந்துதான் சமஸ்கிருதம் எடுத்திருக்க வேண்டும்” என்று ஒரு பதில் வந்திருக்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது, அடிப்படை சரியில்லை. இதே இனம் குஜராத்தில் கட்ச் வளைகுடாவிலும் இருக்கிறது. அந்தக் கரையில் நாகேஷ்வர் என்ற இடத்தில், ஹரப்பா காலத்திலேயே சங்கை அறுத்து வளையல் செய்த பட்டறையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வடமேற்கில் இருந்தவர்கள் சங்கைப் பார்க்கத் தூத்துக்குடி வரை வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

இன்னொன்று. கிரேக்கத்தில் சிப்பிக்கும் சங்குக்கும் ‘கொங்க்கே’ என்று ஒரு சொல் உண்டு. லத்தீனில் ‘கொங்க்கா’. அதிலிருந்துதான் ஆங்கில ‘காங்க்’. வடமொழி ‘ஶங்க்க’வும் கிரேக்கச் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்று பழைய அகராதிகள் பலவும் சொல்கின்றன. கிரேக்கச் சொல் அதற்கும் முந்தைய மத்தியதரைக்கடல் மொழி ஒன்றிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. முதல் கருத்து சரியென்றால், காங்க்கும் சாங்க்கும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒன்று ஏதென்ஸ், ரோம், பிரான்ஸ் என்று சுற்றி லண்டன் போனது. மற்றது மன்னார் வளைகுடாவில் தோணி ஏறிப் போனது. ஒரே மொழியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒரே பொருளுக்கு. எனக்கு இதுபோன்ற விஷயங்களில் உள்ள சந்தோஷம் சொல்லி மாளாது.

‘காக்கிள்’ என்று சின்னச் சிப்பிக்கு ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறதே, அதுவும் அதே கிரேக்க வழிதான்.

2023 ஜூன் 10

தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் தனிச்செய்தியில், “நாங்க சங்கு ‘பிடிக்கிறோம்’னு சொல்லமாட்டோம், சங்கு ‘குளிக்கிறோம்’னுதான் சொல்லுவோம், அதை எழுதுங்க” என்றார். எழுதவேண்டியதுதான். குளித்தல் என்றால் நமக்கெல்லாம் சோப்பும் வாளியும்தான் ஞாபகம் வருகிறது. முங்குவது, மூழ்கி அடிக்குப் போவது என்ற பழைய பொருள் முத்துக்குளித்தலிலும் சங்குகுளித்தலிலும்தான் உயிரோடு இருக்கிறது. தொழிலாளிகள் பெயரே சங்குகுளி மீனவர்கள். பரதவர்களும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை.

சிறு வயதில் தூத்துக்குடியில் பெரியம்மா வீட்டில் விடுமுறைக்குப் போய் இருந்திருக்கிறேன். கொட்டடியில் காயவைத்த சங்கு நாற்றம் காற்றில் வந்தால் எங்களுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும் விளையாட்டு. உள்ளே இருக்கும் சதை அழுகி வெளியேறிய பிறகுதான் ஓடு விலைக்குப் போகும் என்பது அப்போது தெரியாது. பெரியப்பா அந்தச் சரக்கெல்லாம் கல்கத்தா போகிறது என்பார். எதற்கு என்று கேட்டால் “வளையலுக்கு” என்று ஒரே வார்த்தை.

அந்த ஒரே வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வியாபாரம். வங்காளத்தில் மணமான இந்துப் பெண்கள் கையில் வெள்ளைச் சங்கு வளையும் சிவப்பு வளையும் போடுவது தாலி மாதிரி. அறுப்பவர்களுக்கு ஶாங்க்காரி என்று தனிச் சாதியே உண்டு. டாக்காவில் ஶாங்க்காரி பஜார் இன்றும் இருக்கிறது. கார்சியா த ஓர்த்தா 1563இல் சொன்ன அதே வழித்தடம். தமிழ்க் கரையில் மூழ்கி எடுப்பது, வங்காளத்தில் வாள் வைத்து அறுப்பது. ஒரு காலத்தில் அறுக்கும் வேலையும் இங்கேயே நடந்திருக்கிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் கொற்கையிலும் காயலிலும் அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். 1914இல் அவர் எழுதிய தனிநூலின் தலைப்பே ‘சேக்ரட் சாங்க்’ என்றுதான் தொடங்கும். கேள்வி கேட்டவர் கட்டுரைகளில் பார்த்த தொடர் ஆராய்ச்சிக்காரர்கள் மத்தியில் நிலைத்ததில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

2023 ஜூன் 11

நல்ல எதிர்வாதம் ஒன்று வந்திருக்கிறது, நேற்றிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். “போர்த்துக்கீசியர் முதலில் இறங்கியது கோழிக்கோடு, கொச்சி. மலையாளத்திலும் உகரத்தில் முடியும் ‘ஶங்கு’ இருக்கிறது. ஏன் மலையாளமாக இருக்கக்கூடாது?”

சொல் முடிவை மட்டும் வைத்துப் பார்த்தால் மலையாளத்துக்கும் சம உரிமை. ஆனால் மலையாளத்தில் முதல் எழுத்து ‘ஶ’. எக்ஸ் போடாமல் சி-எச் போட்டது ஏன் என்ற கேள்வி திரும்ப வருகிறது. அதோடு, பெரிய சங்குப் படுகைகள் இருந்தது முத்துக்குளித்துறை எனப்பட்ட தூத்துக்குடிப் பக்கத்துக் கரையில். பரதவர்கள் 1530களில் கிறிஸ்தவம் தழுவியதிலிருந்து அந்தக் கரை போர்த்துக்கீசியர் கைக்குள் இருந்தது. கார்சியா எழுதுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. தராசு தமிழ்ப் பக்கம் சாய்கிறது என்றுதான் இன்னும் நினைக்கிறேன், எழுத்துக்கூட்டலை நம்பி. எழுத்துக்கூட்டல் என்பது ஓரளவுக்குத்தான் சாட்சி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாமர மலையாளப் பேச்சில் ‘சங்கு’ என்றே ஒலித்திருக்கவும் கூடும்.

அரபு வணிகர் குறிப்பை எடுத்துக்காட்டியவருக்கு: 851ஆம் ஆண்டு நூலில் இலங்கைக் கரையில் முத்தும் ‘ஷங்க்’கும் கிடைப்பதாக இருப்பது உண்மை. அது ‘ஷ’வில் தொடங்குவதால் வடமொழிக்குச் சாதகம் என்று எடுக்க முடியாது. அரபியில் அழுத்தமான ச ஒலியே கிடையாது. வேற்றுமொழிச் சொல்லில் அந்த ஒலி வந்தால் பெரும்பாலும் ‘ஷ’ போட்டுவிடுவார்கள், சதுரங்கம் ‘ஷத்ரஞ்ச்’ ஆனதே அப்படித்தான். அந்தச் சாட்சி யாருக்கும் பயன்படாது.

2023 ஜூன் 11, இரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர் 1727இல் வெளியிட்ட நூலில் ‘சாங்க்’ வருகிறது. பெரிவிங்கிள் நத்தை வடிவத்தில் இருக்கும் சிப்பி, வங்காளத்தில் வளையாக அறுக்கிறார்கள் என்று விளக்கம். கவனிக்க வேண்டியது, அவர் அதைச் சொல்வது குஜராத் பக்கத்துக் கரையைப் பற்றி எழுதும்போது. அந்தக் கரைக்காரர்கள் வாயில் அது ‘ஷங்க்’. ஹாமில்டன் எழுதுவது சி-எச் போட்டு. அதாவது 1727க்குள் சொல் ஆங்கில மாலுமிகளின் சொந்தச் சரக்காகிவிட்டது. எந்தக் கரையில் பார்த்தாலும் தென்கரைப் பெயரையே சொன்னார்கள்.

2023 ஜூன் 18

வலம்புரி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தலைப்புக்கு வெளியே என்றாலும் பணம் சம்பந்தப்பட்ட விஷயம், சொல்லிவிடுகிறேன்.

உயிரியல்காரர்கள் சங்கின் கூர்முனையை மேலே வைத்து, வாய் தங்களைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுழி. சாதாரணச் சங்கு எல்லாம் வலச்சுழி. நம் வழக்கத்தில் தலைகீழாக, நீண்ட மூக்குப் பக்கத்தை மேலே வைத்துப் பார்க்கிறோம். அப்போது அதே சாதாரணச் சங்கின் வாய் இடப்பக்கம் வந்து இடம்புரி ஆகிறது. அபூர்வமான வலம்புரி விஞ்ஞானிகளுக்கு இடச்சுழி. இரண்டு தரப்பும் சரியாகத்தான் பேசுகின்றன, பிடிக்கும் விதம் மட்டும் வேறு. ஹாப்சன் ஜாப்சனில் ‘வலப்பக்கம் திறப்பு’ என்று இருப்பது நம் வழக்கப்படி.

கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘வலம்புரி’ பல, அமெரிக்கக் கரையில் கிடைக்கும் பூசிகான் என்ற வேறொரு கடல் நத்தையின் ஓடு. அந்த இனம் பிறப்பிலேயே இடச்சுழிதான், அபூர்வம் ஒன்றும் இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி: வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் புடைத்துக்கொண்டு இருக்கும். பூசிகானில் வழவழவென்று இருக்கும். பெரியம்மா ஒரு கோயில் ஊரில் நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து பூஜையில் வைத்திருந்ததை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மடிப்பும் இல்லை. அவரிடம் சொல்லவில்லை. எண்பது வயதில் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் காபி குடிக்கிறார், அதில் போய் நான் என்ன திருத்துவது. ஆனால் விற்றவன் மீது இன்றும் கோபம் இருக்கிறது.

2023 ஜூன் 19

சின்னக் குறிப்பு. தமிழில் சங்கு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒருவர் பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறார். மில் சைரனுக்குச் சங்கு (“எட்டு மணிச் சங்கு ஊதியாச்சு”), குழந்தைக்குப் பால் புகட்டும் பாத்திரத்துக்குச் சங்கு, தொண்டைக்குச் சங்கு (“சங்கை அறுத்துருவேன்”), செத்தால் ஊதுவதும் சங்கு. பாலில் தொடங்கி ஊதுவதில் முடிகிறது. ஆங்கிலத்துக்குப் போன சாங்க் இதில் ஒன்றையும் எடுத்துப் போகவில்லை. சரக்கின் பெயர், அதோடு சரி.

2023 ஜூலை 2

சரக்கோடு சரி என்றேன், இன்னொரு இடத்தைச் சேர்க்க வேண்டும்: சட்டம். இலங்கையில் சங்கு குளிப்பை ஒழுங்குபடுத்திய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘சாங்க்’ இருக்கிறது, ‘காங்க்’ இல்லை. இங்கே 1900களின் தொடக்கத்தில் பாக் விரிகுடாப் படுகையில் சங்கு எடுத்த ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ராமநாதபுரம் ராஜாவிடம் குத்தகை எடுத்தவருக்கும் அனுமதி இல்லாமல் எடுத்தவர்களுக்கும் நடுவே. கடலுக்கு அடியில் உயிரோடு கிடக்கும் சங்கு யாருக்குச் சொந்தம் என்பதுதான் விவகாரம். பாக் விரிகுடா யாருடைய கடல் என்ற விவாதத்தில் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். வரலாறு ‘சாங்க்’கை இப்படித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது: கணக்குப் புத்தகம், குத்தகைப் பத்திரம், தீர்ப்பு. கீதை மொழிபெயர்ப்பில் பாஞ்சஜன்யம் ‘காங்க்’ ஆகிவிட்டது. தூத்துக்குடிக் கொட்டடியில் ஏலம் போவது ‘சாங்க்’.

கேட்டவருக்கு நேரடிப் பதில்: வரிசையில் சேருங்கள். ஆனால் கட்டுமரத்தோடு ஒரே பத்தியில் வேண்டாம். கட்டுமரம் வேரும் தமிழ், போன வழியும் தமிழ். இதற்குப் பக்கத்தில் ‘வடமொழி மூலம், தமிழ்க் கரை வழியாக, போர்த்துக்கீசியர் மூலம்’ என்று எழுதுங்கள்.

2023 ஜூலை 9

மலையாளக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. இப்போது நகரங்களில் எல்லாரும் ‘சங்கு’ என்பதை மெல்லிய ஸகரத்தில் சொல்கிறோம். போர்த்துக்கீசியர் கேட்டது அழுத்தமான சகரம் என்பது என் வாதத்தின் ஆணிவேர். கீழக்கரை, பெரியபட்டினம், வேம்பார், புன்னைக்காயல் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: உங்கள் ஊரில் வயதான சங்குகுளிக்காரர்கள் ‘சங்கு’, ‘செட்டி’, ‘சாமி’ என்று சொல்லும்போது முதல் எழுத்து ‘பச்சை’யில் வரும் ச மாதிரி ஒலிக்கிறதா, ‘பசி’யில் வரும் ச மாதிரியா? முடிந்தால் பேசவிட்டுப் பதிவு செய்து போடுங்கள். ‘சங்கு என்று சொல்லுங்கள்’ என்று கேட்டு வாங்காதீர்கள். கடல் கதை பேசும்போது தானாக வரட்டும்.